வியட்நாம் போகிறவர்களுக்கு ஓர் ஊதுபத்திக் கடைக்காரர் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த வியட்நாம் பயணக் கட்டுரையைப் படித்தேன். ஹனோய் நகரைச் சுற்றியுள்ள கைத்தொழில் ஊர்களை 'ஒரே நாளில் மூன்று கிராமம்' என்று வண்டியில் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள், தவறவிடாதீர்கள் என்று போட்டிருந்தீர்கள். அதே மாதிரி ஒரு நாள் சுற்றுலாவுக்கு நானும் என் மனைவியும் போன டிசம்பரில் போய்விட்டு வந்தோம். போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கட்டுரையில் இருந்ததற்கும் நாங்கள் பார்த்ததற்கும் நடுவில் கொஞ்சம் தூரம் இருக்கிறது. கடிதம் நீளமாகப் போகும், வெட்ட வேண்டிய இடத்தில் நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். திருவானைக்காவலில் 26 வருஷமாகப் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். சூடம், சாம்பிராணி, விளக்குத் திரி, மஞ்சள் குங்குமம், எல்லாவற்றுக்கும் மேலாக ஊதுபத்தி. இப்போது பாதி நாள் மகன்தான் உட்காருகிறான், அதனால்தான் ஊர் சுற்ற நேரம் கிடைத்தது. 2023 நவம்பரில் திருச்சிக்கும் ஹோ சி மின் நகருக்கும் நேரடி விமானம் விட்ட பிறகு எங்கள் தெருவிலேயே நாலு குடும்பம் வியட்நாம் போய் வந்துவிட்டது. போய் வந்த எல்லோருடைய செல்போனிலும் ஒரே படம்தான். சிவப்புச் சிவப்பாகக் குச்சிக் கட்டுகள் பூ மாதிரி விரிந்திருக்கும், நடுவில் நம் ஆள் ஒரு கூம்புத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்பார். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, அது ஊதுபத்திக் குச்சிதானே என்று. சரி, போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டோம்.

ஹனோயைச் சுற்றி 1,350 ஊர்களில் ஏதாவது ஒரு கைத்தொழில் உண்டு என்பது அவர்கள் அரசாங்கம் சொல்லும் கணக்கு. 'லாங் ங்கே' என்பார்கள், தொழில் கிராமம் என்று பொருள். ஓர் ஊரில் ஒரு தொழில், தலைமுறை தலைமுறையாக. ஹனோய் பழைய நகரத்தில் ஹாங் பாக் என்றால் வெள்ளிக் கடைத் தெரு, ஹாங் காய் என்றால் சணல் கடைத் தெரு என்று தெருப் பெயரே சரக்கின் பெயராக இருக்கிறது. ஊரில் செய்ததைக் கொண்டுவந்து நகரத்தில் விற்றிருக்கிறார்கள். இதெல்லாம் வண்டியில் வழிகாட்டிப் பெண் சொன்னது. கல்லூரியில் படித்துக்கொண்டே வேலை பார்க்கும் பெண், நல்ல பெண். நான் கீழே குறை சொல்லப்போவது அவளை இல்லை.

காலை எட்டு மணிக்குப் பதினாறு பேர் உட்காரும் வேனில் ஏற்றினார்கள். முதல் ஊர் வான் புக். நகரத்தில் இருந்து பத்துக் கிலோமீட்டர்தான் இருக்கும், ஆயிரம் வருஷத்துப் பட்டு ஊர் என்கிறார்கள். தெரு முழுக்கக் கலர் கலராகக் குடைகளை அந்தரத்தில் தொங்க விட்டிருக்கிறார்கள். வேன் நேராக ஒரு பெரிய கடை வாசலில் நின்றது. உள்ளே நுழையும் இடத்தில் ஒரு தறி, அதில் ஒரு பெண் எங்களைப் பார்த்ததும் ஓட்ட ஆரம்பித்தார், இரண்டு நிமிஷம் ஓடியது, நாங்கள் தாண்டிப் போனதும் நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் முழுக்கச் சால்வை, டை, சட்டை.

என் மனைவி ஆரணிக்காரி, அவள் அப்பா தறி நெய்தவர். வழிகாட்டிப் பெண் ஒரு நூலைக் கொளுத்தி, முடி கருகும் வாசனை வந்தால் பட்டு, பிளாஸ்டிக் மாதிரி உருகினால் பட்டு இல்லை என்று காட்டினாள். கொளுத்திய நூல் கடைக்காரம்மா ஒரு டப்பாவில் தனியாக வைத்திருந்தது. என் மனைவி பேசாமல் அடுக்கில் இருந்த ஒரு சால்வையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இதிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்தச் சொல்லுங்க" என்றாள். கடைக்காரம்மா சிரித்துவிட்டார். அப்புறம் உள் அலமாரியைத் திறந்து வேறொரு சால்வையை எடுத்து வந்தார், விலை நாலு மடங்கு. அது பட்டுதான், நல்ல பட்டு, ஒளியில் பிடித்தால் மட்டும் பூ வேலைப்பாடு தெரிகிற மாதிரி நெய்தது. கேட்டால் கிடைக்கிறது, கேட்கிறவர்கள் எத்தனை பேர்?

பின் தெருவில் இருந்து விசைத்தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தறியில் பூ வேலைப்பாடு போடுகிற ஜக்கார்டு அட்டை ஓடும் சத்தம் என் மனைவிக்குத் தெரியாதா, அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டாள். "நேரமாகிவிட்டது அம்மா" என்று கூப்பிட்டு வேனில் ஏற்றிவிட்டார்கள். கடைக்குள் ஐம்பது நிமிஷம் இருந்தோம், நெசவு நடக்கிற தெருவுக்கு ஐந்து நிமிஷம் இல்லை. 1946 டிசம்பரில் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து நாடு முழுவதும் எழச் சொல்லி ஹோ சி மின் விடுத்த அறைகூவலை எழுதிய வீடு இந்த ஊரில்தான் இருக்கிறது, இப்போது நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள். வேன் அங்கே நிற்கவில்லை. அங்கே வாங்குவதற்கு ஒன்றும் இல்லையே.

நானும் வியாபாரிதான். கமிஷன் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இவ்வளவு குறைந்த கட்டணத்தில் வேன், சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் கொடுக்கிறார்கள் என்றால் மிச்சத்தை யாரோ கொடுக்கிறார்கள் என்று அர்த்தம்.

இரண்டாவது ஊர் சுவோங், அந்தக் கூம்புத் தொப்பி செய்கிற ஊர். தொப்பியை நோன் லா என்கிறார்கள், 'லா' என்றால் இலை. இங்கே மட்டும் அதிர்ஷ்டவசமாகக் கடை எதுவும் இல்லை, ஒரு வீட்டு முற்றத்தில் உட்கார வைத்தார்கள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பாட்டி. வழிகாட்டிப் பெண் அவரை 'பா' என்று கூப்பிட்டாள். பாட்டி என்று பொருளாம். வியட்நாமியில் நான், நீ என்பதற்கே பெரும்பாலும் உறவுப் பெயரைத்தான் சொல்வார்கள், பேசுகிறவரின் வயதைப் பார்த்து அண்ணன், அக்கா, சித்தப்பா என்று வைத்துக்கொள்வார்கள். நம் ஊர் பஸ்ஸில் "அண்ணே, கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்கிறோமே, அதையே இலக்கணமாக வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பாட்டி செய்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். காய்ந்த பனை வகை இலை, சுருங்கிப்போய் இருக்கிறது. கரி அடுப்பில் ஓர் இரும்பைச் சூடாக்கி வைத்திருக்கிறார், அதன் மேல் இலையை வைத்து ஒரு துணி உருண்டையால் அழுத்தி ஒரே இழுப்பு, இலை இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி ஆகிவிடுகிறது. சூடு அதிகமானால் கருகும், குறைந்தால் மறுபடி சுருளும். அப்புறம் கூம்பு வடிவில் ஒரு மரச் சட்டம், அதில் மூங்கில் சீவிச் செய்த வளையங்கள், கீழே பெரியதில் இருந்து உச்சியில் காசு அளவு வரைக்கும் மொத்தம் பதினாறு. அதன் மேல் ஓர் அடுக்கு இலை, நடுவில் மூங்கில் மடல், மறுபடி ஓர் அடுக்கு இலை. பிறகு தையல். கண்ணுக்கே தெரியாத நூல், முடிச்சு வெளியே தெரியக் கூடாது. பாட்டி நூலை எங்கே முடிக்கிறார் என்று பார்க்க நான் குனிந்து குனிந்து பார்த்தேன், கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் கையில் ஊசியைக் கொடுத்தார், நான் போட்ட நாலு தையலைப் பார்த்துவிட்டு, பேசாமல் பிரித்துவிட்டு, அவரே மறுபடி போட்டார்.

ஒரு தொப்பிக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேலை. எண்பதாயிரம் டாங் சொன்னார். பயந்துவிடாதீர்கள், அவர்கள் காசில் சைபர் அதிகம், நம் ரூபாயில் முந்நூறுக்குள் வரும். எங்கள் குழுவில் ஒருவர் அதற்கும் பேரம் பேசினார். எந்த ஊர்க்காரர் என்று சொல்லாமல் விடுகிறேன், ஆனால் பேசியது தமிழ்.

இந்த ஊரில் தொப்பிச் சந்தை சந்திரமாதக் கணக்கில் கூடுகிறது, பத்தாம் நாளும் முப்பதாம் நாளும் பெரிய சந்தை, விடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுமாம். நாங்கள் போன அன்று சந்தை இல்லை. ஹனோயில் இருந்து முப்பது கிலோமீட்டர் போகிறோம், தேதியைப் பார்த்துக் கூட்டிப்போனால் என்ன? சந்தை நாளில் காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும், பட்டுக் கடை திறப்பது எட்டரைக்கு, அதனால்தானோ என்னவோ. பாட்டி வீட்டில் இருந்தது முப்பத்தைந்து நிமிஷம். அந்த நாள் முழுக்க வேலை செய்கிற ஒரு மனுஷரோடு நாங்கள் உட்கார்ந்திருந்தது அவ்வளவுதான்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி. சைவம் என்றால் 'சாய்' என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். பௌத்தர்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சைவம் சாப்பிடும் பழக்கம் உள்ள நாடு.

மூன்றாவதாகத்தான் நான் பார்க்க வந்த ஊர், குவாங் பூ காவ். படத்தில் பார்த்த அந்தச் சிவப்பு முற்றம். நிஜமாகவே அழகுதான், அதை மறுக்க மாட்டேன். வாசலில் ஒரு மேஜை போட்டு ஆளுக்கு ஐம்பதாயிரம் டாங் வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்கள். அதற்குள் இரவல் தொப்பியும் பாரம்பரிய உடையும் சேர்த்தி, ஏறி நின்று மேலிருந்து படம் எடுக்க ஏணியும் உண்டு. எல்லோரும் படம் எடுக்கும்போது நான் ஒரு கட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இருபத்தாறு வருஷப் பழக்கம், கை சும்மா இருக்காது. குச்சியின் ஒரு பக்கம் சாயம் வெளுத்திருந்தது, கட்டுக்குள் கட்டெறும்பு ஓடியது. இது நேற்று காய வைத்த குச்சி இல்லை, பல வாரமாகப் படத்துக்காகவே வெயிலில் நிற்கிற குச்சி.

பின்பக்கம் ஒரு சந்து போனது. வழிகாட்டிப் பெண்ணிடம் நான் ஊதுபத்திக் கடைக்காரன், வேலை நடக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அவள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, மற்றவர்களை ஏணியிடம் விட்டுவிட்டு எங்கள் இரண்டு பேரையும் கூட்டிப்போனாள். இரண்டு வீடு தள்ளி ஒரு கொட்டகை. துண்டு துண்டாக அறுத்த மூங்கிலை ஓர் இயந்திரம் பட்டையாகப் பிளக்கிறது, இன்னொன்று அதைக் குச்சியாக இழுத்துத் தள்ளுகிறது, தூசியில் எதிரே இருக்கிற ஆள் தெரியவில்லை. ஓர் அம்மா கட்டின் அடிப்பக்கத்தைச் சாயத் தொட்டியில் முக்கி எடுத்துக்கொண்டிருந்தார், முழங்கை வரைக்கும் சிவப்பு. கொட்டகைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். வழிகாட்டிப் பெண் என்னைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் மாறியது. "ஆன் டோ?" என்றார். இந்தியாவா என்று கேட்கிறார்.

அப்புறம் உள்ளே போய் ஒரு கட்டு எடுத்து வந்தார். சாயம் போடாத வெள்ளைக் குச்சி, உருண்டை, ஒன்பது அங்குலம், தடிமன் ஒன்றே கால் மில்லிமீட்டர் சொச்சம். அவர்கள் ஊர் பத்தி இதைவிட நீளம். கையில் வாங்கிய உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, இது என் கடையில் விற்கிற பத்தியின் குச்சி.

வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். முன்பெல்லாம் ஊதுபத்தியைக் கையால் உருட்டினார்கள், அதற்குச் சதுரக் குச்சி போதும், நம் நாட்டு மூங்கிலில், முக்கியமாகத் திரிபுரா பக்கத்தில் இருந்து வரும். பத்தி செய்யும் இயந்திரம் வந்த பிறகு எல்லாம் ஒரே அளவான உருண்டைக் குச்சியாக இருந்தால்தான் மாவு சீராகப் பிடிக்கும், இயந்திரத்தில் சிக்காது. அந்த உருண்டைக் குச்சி சீனாவில் இருந்தும் வியட்நாமில் இருந்தும் வந்தது. 2011-இல் குச்சிக்கான இறக்குமதி வரியை 30 சதவீதத்தில் இருந்து 10 சதவீதமாக நம் அரசாங்கம் குறைத்ததும் வெள்ளம் மாதிரி வந்தது. குச்சி மட்டும் இல்லை, வாசனை போடாத பச்சைப் பத்தியாகவே வந்தது. இங்கே பத்தி உருட்டிய பெண்கள் வேலை இழந்தார்கள். அப்புறம் 2019 ஆகஸ்ட் கடைசியில் பத்தி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டார்கள், 2020 ஜூனில் குச்சி வரியை 25 சதவீதமாக ஏற்றினார்கள். அந்த வருஷம் என் மொத்த வியாபாரி விலையை ஏற்றிவிட்டு "குச்சி வரலை அண்ணாச்சி" என்று சொன்னது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. குச்சி எங்கிருந்து வரவில்லை என்று அன்று நான் கேட்கவில்லை.

கொட்டகைக்காரர் அதே கதையை அந்தப் பக்கத்தில் இருந்து சொன்னார். ஒரு காலத்தில் ராத்திரி பகலாக இந்தியாவுக்குக் குச்சி இழுத்தோம், திடீரென்று ஒரு நாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், கொட்டகை நிறையச் சரக்கோடு உட்கார்ந்திருந்தோம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மழை பெய்து நெல் நனைந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார். நம் அரசாங்கம் செய்தது தப்பு என்று நான் நினைக்கவில்லை, நம் ஆட்களுக்கும் பிழைப்பு வேண்டும். ஆனாலும் அந்த மனுஷர் முன்னால் நிற்கும்போது என்னவோ போல இருந்தது. இப்போது எப்படி என்று கேட்டேன். ஆர்டர் வருகிறது, முன்பு மாதிரி இல்லை, வரப்போகிற டெட் புத்தாண்டுக்கு உள்ளூர் விற்பனை நன்றாக இருக்கும் என்றார். அப்புறம் முன் முற்றத்தைக் கையால் காட்டி, அது அவருடைய மைத்துனருடையதாம், "குச்சி விற்பதைவிடப் படத்தில் காசு நிலையாக வருகிறது" என்றார். அதனால் அந்த வெளுத்த குச்சிகளைப் பற்றி நான் முதலில் நினைத்ததைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். ஏமாற்று என்று சொல்ல முடியாது, அவர்களுக்கு அதுவும் ஒரு தொழிலாகிவிட்டது. இந்தியாவில் இருந்து குச்சி வாங்கப் போனவர்கள் நின்றுபோய், இப்போது குச்சியோடு படம் எடுக்கப் போகிறோம்.

இதெல்லாம் பதினைந்து நிமிஷத்தில். அதற்குள் வேன்காரர் ஹாரன் அடித்துவிட்டார். கொட்டகைக்காரர் ஒரு பிடி குச்சியைத் தாளில் சுற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அந்த வேனில் இருந்த மற்றவர்களுக்கு இப்படி ஒரு கொட்டகை இருப்பதே தெரியாது.

திரும்பி வந்து அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். எட்டு மணி நேரச் சுற்றுலா. சாலையில் மூன்று மணி நேரத்துக்கு மேல், சாப்பாடு ஒரு மணி, மிச்சத்தில் கடையும் படமும் கழித்தால் தொழிலையும் தொழிலாளியையும் பார்த்தது ஒரு மணி நேரம்கூட இல்லை. அதில் கால் மணி நேரம் நாங்களாக அடம் பிடித்து வாங்கியது.

அதனால் அடுத்த நாள் பாட் சாங் என்ற மட்பாண்ட ஊருக்குச் சுற்றுலா இல்லாமல் நாங்களே போனோம். லாங் பியென் என்ற இடத்தில் 47A எண் பேருந்து ஏறினால் சிவப்பாற்றைத் தாண்டி ஊருக்குள்ளேயே கொண்டுபோய் விடுகிறது, கட்டணம் நம் காசில் ஐம்பது ரூபாய்கூட இல்லை. பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். 1010-இல் லீ வம்சத்து ராஜா தலைநகரை இன்றைய ஹனோய்க்கு மாற்றியபோது கூடவே வந்த குயவர்கள் குடியேறிய ஊர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். முன்பு நிலக்கரிச் சூளைகள் புகைந்துகொண்டிருந்த ஊர், இப்போது பெரும்பாலும் எரிவாயுச் சூளைதான், அதனால் சந்துகளில் மூச்சுவிட முடிகிறது. ஒரு பட்டறையில் சீப்பு மாதிரி சின்னத் தூரிகையால் கோப்பையில் நீலப் பூ வரைந்துகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் சைகையிலேயே அனுமதி கேட்டு, பக்கத்தில் ஒரு முக்காலியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். யாரும் எழுப்பவில்லை. யாரும் வாங்கச் சொல்லவும் இல்லை. சக்கரத்தில் வனைவது அங்கே குறைவு, பெரும்பாலும் அச்சில் கூழ் ஊற்றித்தான் செய்கிறார்கள், சக்கரம் சுற்றுலாப் பயணிகள் மண் பிசைந்து விளையாடத்தான் அதிகம். இதையும் எந்தச் சுற்றுலாவிலும் சொல்வதில்லை, உட்கார்ந்து பார்த்தால் தானாகத் தெரிகிறது. கடைசியில் அவர் வரைந்ததில் ஆறு கோப்பை வாங்கினோம், பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம், திருச்சி வந்து சேரும்போது ஐந்து.

எனக்கு வழிகாட்டியே வேண்டாம் என்று இல்லை. அந்தப் பெண் இல்லாவிட்டால் கொட்டகைக்காரரோடு நான் ஒரு வார்த்தை பேசியிருக்க முடியாது. மூன்று ஊருக்குக் கொடுக்கிற அதே காசை ஓர் ஊருக்குக் கொடுக்கிறேன், நாள் முழுக்க ஒரே இடத்தில் விடுங்கள், கடைக்குக் கூட்டிப்போகாதீர்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டால் ஏற்பாடு செய்துகொடுக்கிறார்கள், அதைக் கடைசி நாள் அந்தப் பெண்ணே சொன்னாள். யாரும் கேட்பதில்லையாம். நம் ஊர்ப் பயண ஏஜென்ட்டுகள் கேட்க மாட்டார்கள், அவர்களுக்குத் தாளில் எத்தனை இடம் பெயர் போடுகிறோம் என்பதுதான் கணக்கு, போகிறவர்கள்தான் கேட்க வேண்டும். சுவோங் போவதாக இருந்தால் சந்திரமாதத் தேதி பாருங்கள், அங்கே பஞ்சாங்கம் பார்க்கிற வழக்கம் நம்மைவிடக் குறைவில்லை. வான் புக்கில் அலமாரியைத் திறக்கச் சொல்லுங்கள். பாட்டியிடம் பேரம் பேசாதீர்கள்.

ஊர் வந்ததும் அந்தப் பிடி குச்சியை என் மொத்த வியாபாரியின் விற்பனைப் பையனிடம் காட்டினேன். வாங்கி ஒன்றை வளைத்துப் பார்த்துவிட்டு, "நம்ம குச்சிதானே, எந்தக் கம்பெனி அண்ணாச்சி?" என்றான். அவனுக்குச் சொல்ல ஆரம்பித்ததுதான் இந்தக் கடிதமாக நீண்டுவிட்டது.

அடுத்த முறை ஹனோய் பற்றிப் போடும்போது அந்த 47A எண் பேருந்தையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
திருவானைக்காவல்.